ஐந்தேகால் மீட்டர் வண்டிக்கு ஹைதராபாத்தில் இடம் உண்டா?

ஹைதராபாத்தில் பிக்கப் வாங்க நினைப்பவர்கள் ஷோரூமில் முதலில் விசாரிப்பது இழுவையைப் பற்றி. எத்தனை டன் இழுக்கும், ஃபோர் வீல் டிரைவ் உண்டா, சேற்றில் ஏறுமா என்று கேட்டு முடித்த பிறகு சீட், ஏ.சி., மைலேஜ் பக்கம் வருகிறார்கள். எங்கே நிறுத்தப்போகிறோம் என்ற யோசனை பெரும்பாலும் வண்டி வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் கிடைக்கும் தீர்ப்பே வேறு. அப்படித் திருப்பிப் போட்டு நான்கு வண்டிகளை எடைபோட்டிருக்கிறேன்: டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ், அதே இசுசுவின் எஸ்-கேப், மஹிந்திரா பொலேரோ கேம்பர். நான்குமே பின்சீட் உள்ள டபுள் கேப் வண்டிகள். டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் போன்றவற்றில் குடும்பத்தை ஏற்ற முடியாது என்பதால் அவற்றை விட்டுவிட்டேன்.

யார் வாங்குகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாதாபூரிலோ கச்சிபௌலியிலோ வேலை, மொய்னாபாத், சங்கர்பள்ளி, சேவெள்ளா, ஷாமீர்பேட் பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர் நிலம் என்று இருக்கும் குடும்பங்கள் இந்த நகரத்தில் நிறைய. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸும் பள்ளிக்கூடமும். சனிக்கிழமை காலையில் சொட்டுநீர்க் குழாய்ச் சுருள், தீவன மூட்டை, மரக்கன்று, பழுதான மோட்டார். கோடையில் மாங்காய் கிரேட்டுகளை ஏற்றிக்கொண்டு பாட்டசிங்காரம் மார்க்கெட்டுக்கு ஒரு நடை. இந்தக் குடும்பங்களுக்கு ஒரே வண்டியில் எல்லாம் நடக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அந்த ஆசையை எந்த வண்டி எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது என்பதுதான் விஷயம்.

முதலில் நிறுத்தும் இடம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, பொதுப் பார்க்கிங்கில் ஒரு காருக்கு 2.75 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் வைக்கச் சொல்கிறது. நம் அபார்ட்மென்ட்களின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் அந்த அளவிலும் ஒரு பங்கைத் தூண்கள் எடுத்துக்கொண்டுவிடுகின்றன. ஹைலக்ஸின் நீளம் 5.325 மீட்டர். வி-கிராஸ் 5.295 மீட்டர். மஞ்சள் கோட்டுக்குள் பின்சக்கரத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் ஒரு அடி அளவுக்கு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். அந்த ஒரு அடிதான் எதிர் வரிசைக்காரர் ரிவர்ஸ் எடுக்கும் இடம். பின்கதவைக் கீழே இறக்கிச் சாமான் எடுக்க இன்னும் அரை மீட்டராவது காலியாக இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டி நிறுத்திய வண்டியில் அது முடியாது. மூக்கை உள்ளே விட்டு நிறுத்தினால் பின்கதவு நடைபாதைக்குள் திறக்கும். ட்ரெய்லர் இழுக்கும் பந்துக் கொக்கி மாட்டியிருந்தால் அது சரியாகக் குழந்தைகளின் முழங்கால் உயரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். அகலத்தில் பெரிய சிக்கல் இல்லை, 1.86 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இரண்டு தூண்களுக்கு நடுவே மூன்று கார் என்று பிரித்த இடத்தில் நடுவில் நிற்கும் பிக்கப்பின் கதவை முழுதாகத் திறந்து இறங்க முடியாது.

திருப்புவது அடுத்த பிரச்சினை. ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டின் சக்கர இடைவெளியும் மூன்று மீட்டரைத் தாண்டியது, திரும்பும் ஆரம் ஆறு மீட்டருக்கு மேல். பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயிலைச் சுற்றிய தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கிருத்திகை அன்று இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றுவிட்டால் ஒரு சாதாரண கார் ஒரே ஒடிப்பில் திரும்பும் முனையில் பிக்கப்புக்கு மூன்று ஒடிப்பு தேவைப்படும், பின்னால் ஆட்டோக்கள் வரிசை கட்டும். ரிவர்ஸ் கேமரா உதவும்தான். ஆனால் அது நீளத்தைக் குறைப்பதில்லை.

இங்கே ஒரு ஒப்பீடு கவனிக்கத்தக்கது. ஹைலக்ஸும் டொயோட்டாவின் ஃபார்ச்சூனர் எஸ்.யு.வி.யும் ஒரே அடித்தளக் குடும்பம். இரண்டிலும் அதே 2.8 லிட்டர் டீசல், அதே 204 குதிரைத்திறன். ஃபார்ச்சூனரின் நீளம் 4.795 மீட்டர். பின்னால் திறந்த தொட்டி வேண்டும் என்பதற்காக நாம் கொடுப்பது 53 சென்டிமீட்டர், அதுவும் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும். அந்தத் தொட்டி வருடத்தில் எத்தனை நாள் நிறைகிறது என்று ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்கு வண்டிகளில் ஐந்து மீட்டருக்குள் அடங்குவது பொலேரோ கேம்பர் ஒன்றுதான், 4.859 மீட்டர். அகலமும் மற்றவற்றைவிடக் குறைவு. எஸ்-கேப்பும் ஐந்து மீட்டரைத் தாண்டிவிடுகிறது. ஆக, அபார்ட்மென்ட்வாசிகளுக்கு முதல் சல்லடையிலேயே மூன்று வண்டிகள் நின்றுவிடுகின்றன. தனி வீடும், கேட்டுக்கு உள்ளே ஆறு மீட்டர் நேரான இடமும் உள்ளவர்கள்தான் அடுத்த சுற்றுக்குப் போகலாம். சைனிக்புரி, கொம்பல்லி, வெளிவட்டச் சாலையை ஒட்டிய புதிய குடியிருப்புகளில் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு.

இரண்டாவது, சுமை. பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக இருப்பது இங்கேதான். பார்க்கப் பெரிதாக இருக்கும் வண்டி அதிகம் சுமக்கும் என்று தோன்றுவது இயல்பு. எஸ்-கேப் 1055 கிலோ சுமக்க அனுமதி பெற்றது. கேம்பர் 1000 கிலோ. இவற்றைவிடப் பல லட்சம் விலை அதிகமான வி-கிராஸுக்கும் ஹைலக்ஸுக்கும் அனுமதித்த சுமை சில நூறு கிலோதான். காரணம் எளிது. முதல் இரண்டும் மூட்டைக்காகப் பட்டை ஸ்பிரிங்கை விறைப்பாக வைத்துக் கட்டியவை. மற்ற இரண்டும் ஐந்து பேர் சொகுசாகப் போக வேண்டும் என்று மிருதுவாக்கியவை. மிருதுவாக்கியதற்கு விலை சுமையில் கழிகிறது. வாங்குபவர் செய்ய வேண்டியது ஒன்றே: ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவதில்தான் ஐந்து பேரும் அவர்கள் பைகளும் தீவன மூட்டையும் அடங்க வேண்டும். ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 350 கிலோ ஆகிவிடும்.

வி-கிராஸின் தொட்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம். ஒரு பைக்கை நேராக ஏற்றிப் பின்கதவை மூட முடியாது. நெல் மூட்டையோ மாங்காய் கிரேட்டோ என்றால் இடம் நிறைவதற்கு முன்பே எடை எல்லை வந்துவிடும். ஒரு கிரேட் 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், குடும்பத்தோடு போகும் நாளில் சொற்ப எண்ணிக்கைக்கு மேல் நியாயமாக ஏற்ற முடியாது. நிலத்திலிருந்து விளைச்சலை மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவதுதான் நோக்கமென்றால் இந்த இரண்டு வண்டிகளும் தவறான தேர்வு என்று தயங்காமல் சொல்வேன்.

இழுவைக்கு வருவோம். வெளிநாட்டு விளம்பரங்களில் ஹைலக்ஸ் 3500 கிலோ இழுக்கும் என்ற எண் பெரிதாகத் தெரியும், அதைப் பார்த்துத்தான் இங்கே ஆசை பிறக்கிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு முழு ஏற்பாடு இருக்கிறது. அங்கே ட்ரெய்லருக்குத் தனி பிரேக் இருக்கும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லருக்கு அது கட்டாயம். கம்பெனி சோதித்துத் தரும் கொக்கி, அதற்கான வயரிங், ட்ரெய்லர் ஆடினால் தானாகக் கட்டுப்படுத்தும் மின்னணு வசதி எல்லாம் சேர்ந்துதான் 3500. நம் ஊர்ப் பட்டறைகளில் வெல்டிங் செய்து தரும் ட்ரெய்லர்களில் பிரேக்கே இல்லாதவை ஏராளம். ஒன்றரை டன் எடையைப் பிரேக் இல்லாத ட்ரெய்லரில் ஏற்றி, அதை முன்னால் உள்ள வண்டியின் பிரேக் மட்டுமே நிறுத்த வேண்டும் என்றால், எஞ்சினில் 500 நியூட்டன் மீட்டர் இருந்து பயனில்லை. இழுப்பது எஞ்சினின் வேலை. நிறுத்துவதும், நேராக வைத்திருப்பதும் பிரேக்கின், பின் அச்சின், ட்ரெய்லர் கட்டிய கையின் வேலை.

எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். ட்ரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் இடம் வலமாக ஆடத் தொடங்கும், அது வண்டியையே திருகிவிடும். ஒன்றரை டன் ட்ரெய்லர் என்றால் 150 கிலோ கொக்கியில். அந்த 150 கிலோவும் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். அதுவும் பின் அச்சுக்குப் பின்னால் அழுத்துவதால் முன்சக்கரங்கள் லேசாகத் தூக்கும். ஸ்டியரிங் மிதப்பதுபோலத் தெரியும். வி-கிராஸில் நான்கு பேரும் கொஞ்சம் சாமானும் ஏற்றி ஒன்றரை டன் ட்ரெய்லரையும் மாட்டினால் அனுமதித்த எடை அநேகமாகத் தீர்ந்திருக்கும்.

சட்டப் பக்கமும் கடினமானது. மோட்டார் வாகனச் சட்டத்தில் ட்ரெய்லர் ஒரு தனி வாகனம். தனிப் பதிவு, தனி எண், தனிக் காப்பீடு வேண்டும். வண்டியை உற்பத்தியாளரின் வடிவமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் 52ஆம் பிரிவை வைத்துத் தெளிவாகச் சொன்னது. அதனால் வெளியில் வாங்கி மாட்டும் கொக்கி, பின்னால் மூடும் கூண்டு எதையும் கம்பெனியின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் போடாதீர்கள். விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதையெல்லாம் மீறி, ஹைதராபாத்தில் உண்மையில் எதை இழுக்கிறோம்? ஹுசேன் சாகரில் பாய்மரப் படகு ஓட்டும் வழக்கம் இந்த நகரத்துக்கே உரிய பெருமை. செகந்திராபாத் செய்லிங் கிளப், ராணுவத்தின் இ.எம்.இ. செய்லிங் அசோசியேஷன், 2009இல் தொடங்கிய யாட் கிளப் ஆஃப் ஹைதராபாத் எல்லாம் அங்கேதான் இயங்குகின்றன. படகை இழுக்கப் பிக்கப் வேண்டாமா என்று தோன்றும். சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட் படகின் உடல் 35 கிலோ. பெரியவர்களின் லேசர் 59 கிலோ. இரண்டையும் ஒரு சாதாரண காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். மலக்பேட் ரேஸ் கோர்ஸுக்குக் குதிரைகள் லாரியில் வந்து இறங்குகின்றன. பண்ணைக்கு உழவுக் கருவியையும் தண்ணீர்த் தொட்டியையும் இழுப்பது ட்ராக்டர், அதுவும் உள்ளூரில் வாடகைக்குக் கிடைக்கும். பழைய ஜீப்பை ட்ரெய்லரில் ஏற்றி மலைப்பாதைக்குக் கொண்டுபோகும் ஆஃப்-ரோடு ஆர்வலர்கள், கேரவன் வைத்திருப்பவர்கள் என்று ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களுக்கு இழுவை உண்மையான தேவை. மற்றவர்களுக்கு அது ஷோரூமில் பிறந்து ஷோரூமிலேயே முடியும் தேவை.

இழுப்பவர்களும் எந்தச் சாலையில் இழுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 158 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை எட்டு வழி, இரு சக்கர வண்டி கிடையாது. அதில் ட்ரெய்லரோடு போவது சுலபம். ஆனால் அங்கே வேகப் பாதைகளில் 120 வரை அனுமதி இருக்கிறது. மெதுவாகப் போகும் ட்ரெய்லர் இடது ஓரத்தை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா ஜங்ஷனில் இறங்கிச் சேவெள்ளா வழியாக விக்காராபாத் பக்கம் திரும்பினால் நிலைமை வேறு. அந்தச் சாலையின் ஆலமரங்களை வெட்டக் கூடாது என்று பலர் போராடியதால் அகலப்படுத்தும் வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அந்த மரங்கள் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மரத்தடியில் எதிரே பஸ் வரும்போது ட்ரெய்லரோடு ஓரம் ஒதுங்குவது அனுபவசாலிக்கே வேர்க்கும் வேலை என்பதும் உண்மை.

அன்றாட வாழ்க்கை. காலி பிக்கப்பில் பின்சீட்டில் உட்கார்ந்து மெஹதிப்பட்டணத்திலிருந்து டோலிசௌகி வரை போனால் விஷயம் புரிந்துவிடும். வேகத்தடையில் முன்சக்கரம் அமைதியாக ஏறி இறங்கும். பின்சக்கரம் ஏறும்போது பட்டை ஸ்பிரிங் ஒரு முறை உதைக்கும், பின்சீட்டில் இருப்பவர் தோள் குலுங்கும். 200 கிலோ ஏற்றிவிட்டால் அதே வண்டி அடங்கிப்போகும். வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் இந்த உதை பொறுத்துக்கொள்ளக்கூடியது. கேம்பரிலும் எஸ்-கேப்பிலும் பொறுக்க முடியாதது. வயதானவர்களைத் தினமும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வீட்டுக்கு அவை வேண்டாம். மழையில் இன்னொன்று: பின்பக்கம் எடையில்லாத வண்டி ஈரச் சாலையில் பின்னால் வழுக்கப் பார்க்கும். சக்கரம் வழுக்காமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும்.

பாதுகாப்பில் இடைவெளி பெரிது. ஹைலக்ஸின் உயர்ந்த வகையில் ஏழு ஏர்பேக். வி-கிராஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை: வெளிநாட்டில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய டி-மேக்ஸ் 2019இல் வந்த புதிய தலைமுறை. இந்தியாவில் வி-கிராஸ் என்று பல ஆண்டுகளாக விற்றது அதற்கு முந்தைய தலைமுறை. அந்த நட்சத்திரங்களை இதற்கு ஒட்டிப் பேசும் விற்பனையாளரை நம்ப வேண்டாம். கேம்பரும் எஸ்-கேப்பும் சரக்கு வண்டிகளாகவே உருவானவை. குழந்தைகளைப் பின்சீட்டில் ஏற்றித் தினமும் நெடுஞ்சாலையில் போவதற்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேம்பர் நீளத்திலும் சுமையிலும் தேறி வந்து விழும் இடம் இதுதான்.

பி.எஸ்.6 டீசல் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் முதல் வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சேர்த்த கரியை எரித்துத் தீர்க்கத் தொடர்ச்சியான ஓட்டமும் சூடும் வேண்டும். பஞ்சாரா ஹில்ஸிலிருந்து ஹைடெக் சிட்டிக்கு நெரிசலில் ஊர்ந்து போய் வருவது மட்டுமே வண்டியின் வேலை என்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வார இறுதியில் பண்ணைக்குப் போகிறவருக்கு இந்தத் தொல்லை தானாகவே தீர்ந்துவிடும்.

2020 அக்டோபர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு உயரமான வண்டி மேல் ஒரு பிடிப்பு வந்தது இயல்பு. நதீம் காலனியிலும் ஃபலக்நுமா பக்கமும் தண்ணீர் எப்படி ஏறியது என்பது யாருக்கும் மறக்கவில்லை. ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்கிறார்கள். அது தேங்கிய தண்ணீருக்கான கணக்கு. ஓடும் தண்ணீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே கனமான வண்டியையும் தூக்கிவிடும். இந்த எண்ணுக்காக யாரும் வண்டி வாங்கக் கூடாது.

பணக் கணக்கில் பிக்கப்புக்கு ஒரு சாதகம் உண்டு. சரக்கு வண்டி வகையில் வருவதால் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பெரிய எஸ்.யு.வி.களுக்கு 40. ஹைலக்ஸ் ஃபார்ச்சூனரைவிட மலிவாக இருப்பதில் இந்த வரி வேறுபாட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் தனியார் பதிவில் தெலங்கானாவின் லைஃப் டாக்ஸ் 20 லட்சத்தைத் தாண்டிய வண்டிக்குக் கனமானது. 30 லட்சம் வண்டிக்கு ஐந்து லட்சத்துக்கு மேல். மஞ்சள் போர்டில் பதிவாகும் கேம்பர் பத்து லட்சத்தை ஒட்டிய விலை. 3000 கிலோவுக்குள் அடங்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. 7500 கிலோ வரையிலான வண்டிக்கு எல்.எம்.வி. லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எஃப்.சி. காட்டும் அலைச்சல் மட்டும் கூடவே வரும். மஞ்சள் போர்டு வண்டியை உள்ளே நிறுத்தவிடாத குடியிருப்புகளும் உண்டு, அட்வான்ஸ் கொடுக்கும் முன் சங்கத்தில் கேட்டுவிடுங்கள்.

தீர்ப்பு. அபார்ட்மென்ட்டில் இருப்பவர் இந்த நான்கில் எதையும் வீட்டின் ஒரே வண்டியாக வாங்கக் கூடாது. ஐந்து மீட்டருக்குக் குறைவான நல்ல எஸ்.யு.வி. ஒன்றை வைத்துக்கொண்டு, தொட்டி தேவைப்படும் நாளில் பொலேரோ பிக்கப்பை டிரைவரோடு வாடகைக்கு எடுப்பது எல்லா வகையிலும் மேல். நிலத்தில் உண்மையான விளைச்சல் இருந்து, வீட்டில் ஏற்கெனவே ஒரு காரும் இருந்தால் இரண்டாவது வண்டியாகக் கேம்பர், எஸ்-கேப்புக்கு முன்னால். எஸ்-கேப்பின் 78 குதிரைத்திறன் எஞ்சின் முழுச் சுமையில் திணறும், நீளமும் அதிகம். தனி வீடும் ஆறு மீட்டர் இடமும் இருந்து, ஒரே வண்டியில் குடும்பமும் பண்ணையும் ஓட வேண்டும் என்பவருக்கு வி-கிராஸ் ஃபோர் வீல் டிரைவ். அதன் 163 குதிரைத்திறனும் 360 நியூட்டன் மீட்டரும் இந்த வேலைக்குத் தாராளம். ஹைலக்ஸ் 2022இல் 33.99 லட்சத்தில் வந்து, பிறகு 2023இல் அடிப்படை வகை 30.40 லட்சத்துக்கு இறங்கிய பின்னும், அதற்கும் வி-கிராஸுக்கும் இடையிலான சில லட்சங்களை அன்றாட ஓட்டத்தில் திருப்பித் தருவதில்லை.

ஒரே ஒரு வகையினருக்கு அந்த லட்சங்கள் நியாயம். மாதந்தோறும் ஒரு டன்னுக்கு மேல் நிஜமாகவே இழுப்பவர்கள். அவர்களுக்கு 500 நியூட்டன் மீட்டர் தரும் ஆட்டோமேட்டிக் ஹைலக்ஸ், பின் அச்சைப் பூட்டும் வசதி, இன்னோவா கிரிஸ்டாவோடும் ஃபார்ச்சூனரோடும் பொதுவான பாகங்கள், நகரமெங்கும் இருக்கும் சர்வீஸ் மையங்கள். கூடவே இழுக்கலாம் என்று கம்பெனி எழுதிக் கொடுக்கும் எடையும், தனி பிரேக் உள்ள, பதிவு செய்த ட்ரெய்லரும் வேண்டும். இந்த இரண்டும் கைக்கு வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.